பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

[காட்சி: கோத்தகிரி, விடியற்காலை. பேக்கரி அடுப்பிலிருந்து வர்க்கித் தட்டு வெளியே வருகிறது.]

வணக்கம். நீலகிரிக் குளிரில் காலை ஆறரைக்குச் சூடான பால் டீ, தொட்டுச் சாப்பிட ரெண்டு வர்க்கி. இதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எங்கள் அம்மா சொல்ல வேண்டியதாயிற்று. வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி, எந்நேரமும் அசதி. வர்க்கியில் மைதா, டீயில் பால். இரண்டுமே அவருக்குச் சேரவில்லை.

நாங்கள் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையும் கேட்காமல் கோதுமையை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். கோதுமை போன்றவற்றைச் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்க்குச் சீலியாக் என்று பெயர். அதற்கான பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் அது தேடுகிறது. சாப்பிடுவதை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள் குறைந்துவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அம்மா மறுபடியும் 6 வாரம் கோதுமை சாப்பிட்டார். அந்தப் பாடு உங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

[படம்: சிறுகுடலின் உட்சுவர், விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள்.]

சரி, பால் ஏன் சேரவில்லை? பாலிலுள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதை உடைக்கும் நொதி இந்த உறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. சீலியாக் நோயில் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும், நொதியும் குறையும். கோதுமையை அடியோடு விட்டுக் குடல் ஆறினால், பலருக்குப் பால் மெல்ல மெல்லச் சேரத் தொடங்கும்.

சீலியாக் இல்லாமலே, வயது ஏற ஏற இந்த நொதி குறைகிறவர்களும் நிறைய. அவர்களில் பலருக்கு நன்றாகப் புளித்த தயிர் சேரும். நெய்யில் லாக்டோஸ் இல்லாத மாதிரிதான். எருமைப் பாலுக்கு மாறினால் சரியாகிவிடும் என்பார்கள். அதிலும் லாக்டோஸ் உண்டு. பால் புரத ஒவ்வாமை வேறு கதை. அது இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நெய்கூடத் தொட வேண்டாம்.

[காட்சி: சமையலறை. கை ஒரு பெருங்காய டப்பாவைத் திருப்புகிறது.]

பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் தெரிந்ததுதான். இதைப் படியுங்கள்: உண்ணத்தக்க பிசின், கோதுமை மாவு, அதற்கப்புறம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமையோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் அம்மாவுக்கு ஒரு சிட்டிகை போய்க்கொண்டே இருந்தது. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் பானப் பொடியில் பார்லி, அதிலும் குளூட்டன்.

[காட்சி: ஆவி பறக்கும் ராகிக் களி, பக்கத்தில் அவரைக் குழம்பு.]

இனி சாப்பாடு. களியும் அவரையும் சாமைச் சோறும் இந்த மலையின் பழைய உணவு. படுகர் வீடுகளில் காலங்காலமாக உண்டு. பாலை விட்டால் கால்சியத்துக்கு எங்கே போவது என்ற கவலைக்கும் ராகியே பதில்: 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். அதே அளவு பசும்பாலில் 120தான்.

ஆனால் மாவு மில்லில் கவனம். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே உங்கள் ராகியும் அரைபடும். அதனால் நாங்கள் மில்லுக்குப் போவதில்லை. ராகியைக் கல் நீக்கிக் கழுவி, வெயில் வரும் நாளில் மொட்டைமாடியில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறோம். மழை விடாத வாரங்களில் வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டி ஈரம் போக்குவது அம்மாவின் வேலை.