கல்லீரல் புற்றுநோயைக் கண்டறிய டிஎன்ஏ மெத்திலேஷன்

[திரையில்: தழும்பேறிய கல்லீரலின் அல்ட்ராசவுண்ட் படம்]

வணக்கம். கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும், ஹெபடைடிஸ் வைரஸாலோ மதுவாலோ கொழுப்பாலோ பல ஆண்டுகள் புண்பட்டுச் சுருங்கிய கல்லீரலில்தான் தோன்றுகிறது. அதனால்தான் சிரோசிஸ் எனப்படும் இந்தத் தழும்பேறிய நிலை உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்து, ரத்தத்தில் ஏஎஃப்பி என்னும் புரதத்தின் அளவையும் பார்க்கிறார்கள். ஆனால் தழும்புகளுக்கு நடுவே சிறு கட்டி எளிதில் புலப்படாது. ஏஎஃப்பியோ கட்டி இருந்தும் உயராமல் போகலாம், கட்டியே இல்லாமல் அழற்சியாலும் உயரலாம்.

[திரையில்: டிஎன்ஏ இழை, அதன்மேல் மெத்தில் குறிகள்]

மெத்தில் என்பது டிஎன்ஏவின் 'சி' எழுத்தில் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக்குறி. எழுத்து மாறாது, ஆனால் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இக்குறிகள் குவிந்தால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு திசுவுக்கும் தனிக் குறியமைப்பு உண்டு. புற்றாகும்போது அது மாறுகிறது. மடியும் புற்றுச்செல்களின் டிஎன்ஏ துணுக்குகள் மாறிய குறிகளோடு ரத்தத்தில் கலப்பதால், அவை எங்கிருந்து வந்தவை என்பதையும் ஊகிக்க முடிகிறது.

[திரையில்: ரத்தக் குழாய், பிரிந்து நிற்கும் பிளாஸ்மா]

ரத்தம் எடுத்ததும் தாமதிக்காமல் அதன் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இல்லையேல் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ நாம் தேடும் துணுக்குகளை மூழ்கடித்துவிடும். பிறகு பைசல்ஃபைட் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால், மெத்தில் இல்லாத 'சி' மாற்றமடைந்து, வாசிக்கும்போது 'டி' ஆகத் தெரியும். மெத்தில் உள்ள 'சி' அப்படியே நிற்கும். 'சிஜி' என்று வந்தால் குறி இருந்தது, 'டிஜி' என்று வந்தால் இல்லை. மிகக் குறைவாகக் கிடைக்கும் டிஎன்ஏவை இந்த வேதிப்பொருளே சிதைப்பதுதான் பெரிய இடையூறு.

2017இல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்களும் அமெரிக்கக் குழுவினரும் 1,098 நோயாளிகளையும் நோயற்ற 835 பேரையும் ஒப்பிட்டு, 10 குறிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சரிபார்ப்புக் குழுவில் நோயுள்ளவர்களில் 83.3 சதவீதத்தினரை அச்சோதனை கண்டுபிடித்தது; நோயற்றவர்களில் 90.5 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். சிரோசிஸ் உள்ள 1,000 பேரில் 20 பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதே துல்லியம் அங்கும் கிடைத்தால் ஏறத்தாழ 17 பேர் கண்டறியப்படுவார்கள். கூடவே புற்று இல்லாத 93 பேருக்கும் 'இருக்கலாம்' என்று முடிவு வரும். மேலும், ஆர்ஏஎஸ்எஸ்எஃப்1ஏ போன்ற மரபணுக்களில் சிரோசிஸ் நிலையிலேயே மெத்தில் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நலமானவர்களோடு ஒப்பிட்டுப் பெறும் வெற்றியைவிட, சிரோசிஸையும் புற்றையும் பிரித்தறியும் திறனே இச்சோதனைக்கு உண்மையான உரைகல் என்பது என் கருத்து.

குறி தெரிந்தவர்களுக்கு அடுத்து கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி சிடி அல்லது எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மருந்து தமனி வழியே வரும்போது ஒளிர்ந்து, பின்னர் சுற்றியுள்ள திசுவைவிட மங்கும் கட்டி தெரிந்தால், சிரோசிஸ் உள்ளவர்களில் பல நேரங்களில் பயாப்சி, அதாவது திசுவை எடுத்துச் செய்யும் சோதனை, இல்லாமலே புற்றை உறுதிசெய்யலாம். குறி தெரியாதவர்களும் ஆறு மாத ஸ்கேனைத் தவறவிடக் கூடாது.