முப்பது ஆண்டுகள் ஒரே வாதம்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

வெளியுறவுக் கொள்கை ஆய்வாளர் என்றால் என்ன வேலை பார்ப்பவர் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் தூதர் அல்லர். அமைச்சகத்து அதிகாரியும் அல்லர். திங்க் டேங்க் என்று சொல்லப்படும் ஆய்வு மையத்தில் அமர்ந்து படிப்பார், எழுதுவார், கூட்டங்களில் பேசுவார். ஆனால் ஓர் அரசாணையில்கூடக் கையெழுத்திடும் உரிமை அவருக்குக் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரின் சொல் நாட்டின் போக்கில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை அறிய, 1929ஆம் ஆண்டு ஜனவரியில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம் அவர்களின் பணி வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

அவர் கல்லூரியில் படித்தது அரசியல் அல்ல, வேதியியல். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுநிலைப் பட்டம் பெற்று, 1951ஆம் ஆண்டு அணியில் ஐ.ஏ.எஸ். அதிகாரியானார். சீனப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பாதுகாப்பு அமைச்சகத்தில் பணிபுரிந்தவர், 1966இல் ஆய்வு நல்கை பெற்று லண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். திரும்பி வந்த பின், 1968இல், டில்லியில் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கு, அதாவது ஐ.டி.எஸ்.ஏ.வுக்கு, இயக்குநரானார். வயது 39. மாவட்டமும் துறையும் ஆள வேண்டிய வயதில் ஒரு நூலகத்தையும் சில ஆய்வாளர்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று அன்று யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர் பொறுப்பேற்ற அதே ஆண்டில்தான் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் உலக நாடுகளின் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. சீனா அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே அணுகுண்டை வெடித்துவிட்டது. வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், இல்லாதவர்கள் என்றைக்கும் கேட்கக்கூடாது என்னும் ஏற்பாட்டுக்கு இந்தியா உடன்படக்கூடாது என்று அவர் வாதிட்டார். இந்தியா முதன்முதலாக அணுகுண்டை வெடித்துப் பார்த்த 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகும், 1996இல் முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபோதும் அதே வாதத்தைத்தான் முன்வைத்தார். அரைத்த மாவையே அரைக்கிறார் என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. போர் வெறியர் என்று ஏசியவர்களும் உண்டு. மாணவப் பருவத்தில் நானும் அவரை அப்படித்தான் மதிப்பிட்டிருந்தேன். பின்னர் ஒரு நூலகத்தின் அடித்தட்டில், சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்த பழைய ஆய்விதழ்களை அவிழ்த்துப் படித்தபோதுதான், அவர் குண்டைப் போர்க்கருவியாகப் பார்க்கவில்லை, பேரம் பேசும் மேசையில் நம்மை யாரும் மிரட்டாதிருக்க உதவும் காப்பாகவே பார்த்தார் என்பது எனக்குப் புலப்பட்டது. 1998 மே மாத அணுச் சோதனைகளுக்குப் பின் அமைந்த முதல் தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்துக்கு அவர்தான் தலைமை தாங்கினார். அந்த வாரியம் 1999 ஆகஸ்டில் அளித்த வரைவுக் கோட்பாட்டில், நாமாக முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியும், தேவைக்கு மேல் குவிப்பதில்லை என்ற வரம்பும் இருந்தன. 1968இலிருந்து கணக்கிட்டால் 30 ஆண்டுகள் எழுதிய ஒரு வாதம் இப்படித்தான் கொள்கை வடிவம் பெற்றது.

ஆய்வு மையத்தில் இருப்பவரின் சொல் சில சமயம் அவர் எண்ணாத இடத்திலும் போய் விழும். 1971 மார்ச் இறுதியில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகரான டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் நடவடிக்கை தொடங்கிய சில நாட்களுக்குள், டில்லி சப்ரு ஹவுஸ் கருத்தரங்கு ஒன்றில், பாகிஸ்தான் பிளவுபடுவது இந்தியாவின் நலனுக்கு உகந்தது, இது போன்ற வாய்ப்பு மீண்டும் வராது என்ற பொருளில் அவர் பேசினார். சொன்னவர் அமைச்சர் அல்லர். ஆயினும் அவருடைய நிறுவனம் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் இயங்கியதால், அந்தப் பேச்சை இந்திய அரசின் உள்நோக்கத்துக்கே சான்றாகப் பாகிஸ்தான் தரப்பினர் எடுத்துக்காட்டி வந்தார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் மையத்தின் பெரிய சங்கடம் இது. வெளியே இருப்பவர்கள் அதை அரசின் குரலாக எடுத்துக்கொள்வார்கள். அரசுக்கோ அது பல நேரங்களில் பிடிக்காத குரலாக இருக்கும்.

அரசுக்கும் மையத்துக்கும் இடையே அவர் போய் வந்துகொண்டே இருந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் தமிழ்நாட்டு உள்துறைச் செயலாளர், அதன்பின் கூட்டு உளவுக் குழுவின் தலைவர், அடுத்துப் பாதுகாப்பு உற்பத்திச் செயலாளர். 1980இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது அந்தப் பதவியிலிருந்து தம் தந்தை நீக்கப்பட்டதாக அவருடைய மகன், இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு சுப்ரமணியம் ஐ.டி.எஸ்.ஏ.வுக்குத் திரும்பி 1987 வரை இயக்குநராக நீடித்தார். செயலாளர் பதவி போனது அவருக்கு இழப்பாக இருந்திருக்கலாம். நமக்கு அது லாபம் என்றே நான் சொல்வேன்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 1984 ஆகஸ்ட் 24 அன்று ஸ்ரீநகர் நோக்கிச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டு, லாகூர், கராச்சி வழியாகத் துபாய் கொண்டு செல்லப்பட்டது. டில்லியில் அதைக் கையாண்ட அதிகாரிகளுள் ஒருவர் இளைஞரான ஜெய்சங்கர். விமானக் கடத்தல் விவகாரத்தால் வீட்டுக்கு வர இயலாது என்று தெரிவிக்கத் தாயாருக்குத் தொலைபேசியில் பேசிய பின்னர்தான், தம் தந்தை அந்த விமானத்திலேயே இருப்பது அவருக்குத் தெரிய வந்தது. பயணிகள் துபாயில் விடுவிக்கப்பட்டார்கள். காகிதத்தில் பாதுகாப்பைப் பற்றி எழுதுபவர் என்று ஆய்வாளர்களைக் கேலி பேசுபவர்களிடம் நான் இந்த நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு.

பணி ஓய்வுக்குப் பின் நாளிதழ்களில் இடைவிடாமல் எழுதினார். 1999இல் பத்ம பூஷண் விருது வந்தபோது, அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடம் விருது பெறக்கூடாது என்று மறுத்துவிட்டார். அதே ஆண்டு கார்கில் போர் முடிந்ததும் அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவில் மொத்தம் நால்வர். அறிக்கை சில மாதங்களிலேயே தயாராகிவிட்டது. உளவுத் தகவல்களை ஒருங்கிணைப்பதில் இருந்த ஓட்டைகளை அது வெளிப்படையாகவே சொன்னது. அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு கூடியது. 2002இல் ராணுவத்துக்கெனத் தனி உளவு முகமை உருவானது.

அவர் 2011 பிப்ரவரி 2 அன்று காலமானார். அந்தக் கார்கில் அறிக்கை 2000இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, பாதுகாப்புக் காரணம் காட்டிப் பல பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. அணு ஆயுதம் பற்றிய பகுதியும் அவற்றுள் அடங்கும். இந்தியாவின் அணு ஆயுதத் திட்டத்தைப் பற்றி அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்திருந்தது. அந்த வெள்ளை அறிக்கை இன்னும் வெளிவரவில்லை.

வணக்கம்.