ஹார்ன் அடிக்கலியா? புதுசு வாங்குறதுக்கு முன்னால ஒரு பல்பை மாட்டிப் பாருங்க

[காட்சி: முன் கிரில்லுக்குப் பின்னாடி ஹார்ன். கனெக்டரைக் கழட்டி, கேமரா பக்கத்துல போகுது.]

இந்தப் பின்னைப் பாருங்க. பளபளன்னு இருக்க வேண்டியது, பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கு. ஹார்ன் நல்லாத்தான் இருக்கு, அதுக்குப் போற கரண்டுதான் இங்கன நின்னுபோச்சு.

ஹார்ன் இருக்கிற இடம் அப்படி. ரோட்டுத் தண்ணி முதல்ல தெறிக்கிறது அதுமேலதான். திருச்செந்தூர், உவரி பக்கம் ஓடுற வண்டின்னா உப்புக்காத்து வேற. 2023 டிசம்பர் 17, 18 மழையில காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மாதிரி வெள்ளத்துல நின்ன வண்டியில ஈரம் வயர் உறைக்குள்ளயே ஏறிரும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. களிம்பு மெதுவா உள்ள தின்னுட்டு வரும்.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? காதுல.

[காட்சி: பானட் திறந்திருக்கு. பியூஸ் பெட்டி மேல ஒரு விரல்.]

சாவியை ஆன் பண்ணுங்க, இன்ஜின் ஓட வேண்டாம். ஒருத்தர் ரிலே மேல, அதான் ஹார்னுக்குப் போற கரண்டைத் திறந்து மூடுற சின்னக் கட்டை மேல, விரல் வைக்கணும், இன்னொருத்தர் உள்ள இருந்து ஹார்னை அமுக்கணும். "அமுக்குடே!"

"டிக்"னு விரல்ல தட்டுச்சுன்னா ஸ்டியரிங் சுவிட்சு, அதுக்கு வர்ற வயர் எல்லாம் சரி. கோளாறு ரிலேயில இருந்து ஹார்ன் வரைக்கும் உள்ள பாதையில. தட்டலைன்னா பியூஸ், ரிலே, சுவிட்சு இந்த மூணையும் பாக்கணும். பாதி வேலை இந்த ஒரு சத்தத்துலயே முடிஞ்சுது.

பியூஸ் எதுன்னு பெட்டி மூடிக்கு உள்பக்கம் படம் போட்டிருக்கும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எரிஞ்சிருந்தா அதே நம்பரைத்தான் போடணும். 10 போட்ட இடத்துல 20 போட்டா அடுத்து எரியுறது வயரு. புதுசும் எரிஞ்சா ஹார்ன் கனெக்டர் ரெண்டையும் கழட்டிட்டு அமுக்குங்க. பியூஸ் நின்னா ஹார்னுக்குள்ள ஷார்ட்டு. அப்பவும் எரிஞ்சா வயர் எங்கயோ பாடியில உரசுது.

ரிலேயை, அதே நம்பர் அச்சடிச்ச பக்கத்து ரிலேயோட மாத்திப் போட்டுப் பாருங்க. உருவம் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது, நம்பர் ஒத்துப்போகணும். நாலு கால் ரிலேன்னா அதைக் கழட்டிட்டு, அது உக்காருற இடத்துல 30, 87ங்கிற கால் போற ரெண்டு ஓட்டையையும் பியூஸ் போட்ட ஒரு துண்டு வயரால இணைச்சா ஹார்ன் அடிக்கணும். அடிக்கலைன்னா நேரா ஹார்னுக்குப் போங்க.

[காட்சி: பழைய ஹெட்லைட் பல்பு, ரெண்டு வயர், ரெண்டு கிளிப்.]

இங்கனதான் நிறையப் பேரு ஏமாறுறது. மீட்டர் வச்சுப் பாத்தா 12 வோல்ட் காட்டும், "கரண்டு வருது, ஹார்ன் போச்சு"ன்னு புதுசு வாங்கி மாட்டுவாங்க. அதுவும் அடிக்காது. காரணம் என்னன்னா, வயருக்குள்ள ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாக்கூட மீட்டருக்கு வோல்ட் தெரியும். ஹார்னுக்கு வேண்டியது 4, 5 ஆம்பியர். அந்த ஒத்த இழை அதைத் தாங்காது. அதனால 55 வாட் பல்பு. அது இழுக்கிறதும் ஏறத்தாழ நாலரை ஆம்பியர்தான்.

கழட்டுன கனெக்டரோட ரெண்டு முனைக்கும் நடுவுல பல்பை மாட்டி அமுக்கச் சொல்லுங்க. பளிச்னு எரிஞ்சா வயரிங் சுத்தம், ஹார்ன்தான் காலி. எரியலைன்னா பல்போட எர்த் முனையை, அதாவது கரண்டு பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற பக்கத்தை, மட்டும் எடுத்து பேட்டரி நெகட்டிவ்ல வைங்க. இப்ப எரிஞ்சா எர்த் போயிருக்கு. அப்பவும் எரியலைன்னாலோ, மினுக்மினுக்னாலோ கரண்டு வர்ற வயர்லதான் பழுது.

எர்த்துக்கு வைத்தியம் ஒண்ணும் பெருசில்ல. பாடியில அந்தப் போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள் வச்சு இரும்பு வெள்ளையா தெரியுற வரைக்கும் தேய்ச்சு, மாட்டி முறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. ஒத்தப் பின் ஹார்ன்னா அதைப் பிடிச்சிருக்கிற தகடுதான் எர்த்து, அதையே தேய்க்கணும். வயர் முனையை வெட்டிப் பாத்தா செம்பு கருத்திருக்கா? சிவப்பாத் தெரியுற வரைக்கும் பின்னால வெட்டிட்டே போங்க.

ரிலே இல்லாத சில பழைய சின்ன வண்டியில ஹார்னுக்கு எப்பவும் 12 வோல்ட் நிக்கும், சுவிட்சு எர்த்தைத்தான் தரும். அதுல 12 வோல்ட் வர்ற பின்னை விட்டுட்டு, ஹார்னோட மத்த பின்னை ஒரு வயரால பாடியில தொட்டாலே அலறணும்.

[காட்சி: வட்ட ஹார்னோட பின்பக்கம், பெயிண்ட் வச்சு மூடின திருகு.]

சத்தம் கம்மிக் கிடக்கா? ஹார்ன்ங்கிறது ஒரு காயில், ஒரு தகடு, நடுவுல ஒரு பாயின்ட். தகடு இழுபடும்போது பாயின்ட் விலகி கரண்டை வெட்டும், தகடு திரும்பும், மறுபடி ஒட்டும். அந்தப் பாயின்ட் தேஞ்சா இந்தத் திருகை கால் சுத்து, கால் சுத்தாத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி மட்டும் அடிச்சுப் பாருங்க. அமுக்கிட்டே திருப்பாதீங்க, பாயின்ட் ஒட்டிட்டா காயில் கொதிச்சிரும். சங்கு மாதிரி ஹார்ன்னா வாய் கீழ பாத்து இருக்கணும். மேல பாத்தா வாட்டர் சர்வீஸ்ல விட்ட தண்ணி உள்ளயே நிக்கும்.

பாபநாசம்–காரையாறு வளைவுல ஸ்டியரிங்கை ஒடிச்சா ஹார்ன் நிக்குது, நேராக்குனா அடிக்குதுன்னா பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குள்ள சுருண்டிருக்கிற ஸ்பைரல் கேபிள்தான். ஏர்பேக் வண்டின்னா கூடவே ஏர்பேக் லைட்டும் எரிஞ்சிட்டிருக்கலாம். ஏர்பேக் வண்டியில ஸ்டியரிங் நடுவுல இருக்கிற பேடை வீட்ல கழட்டாதீங்க, அந்த வயர்ல பல்பும் வைக்காதீங்க. வெடிச்சா மூஞ்சிக்கு நேராத்தான். தெரிஞ்ச எலக்ட்ரீசியன் முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் தொடுவாரு. வீல் நேரா இருக்கும்போது, கேபிளையும் சரி நடுவுல வச்சு மாட்டுறாரான்னு மட்டும் பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க. ஒரு பக்கமா சுத்தி வச்சு மாட்டிட்டா, முதல் தடவை முழுசா ஒடிக்கும்போதே புதுக் கேபிளும் அறுந்துரும்.