பாதியில் நின்ற லீக்: யார் ஏறுவது, யார் இறங்குவது?

நேயர்களுக்கு வணக்கம்.

மழையால் கிரிக்கெட் ஆட்டம் நின்றால் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். டக்வொர்த் லூயிஸ். கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பது பாதிப் பேருக்குப் புரியாது. தோற்றவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். காரணம் சுலபம். டாஸ் போடுவதற்கு முன்பே அந்த விதி இருந்தது. யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று தெரியாதபோது எழுதிய விதி அது. இந்த விஷயத்துக்கு நான் திரும்பத் திரும்ப வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து ஐரோப்பாவின் கால்பந்து லீக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு சீசன் பாதியில் நின்றால் கணக்கை எப்படி முடிப்பது என்பதற்குப் பல லீக்குகளிடம் தெளிவான விதி கிடையாது. விதி இல்லாத இடத்தில் வாக்கெடுப்பு வரும். வாக்களிப்பது யார்? அந்த லீக்கில் ஆடும் சங்கங்கள்தான், அதாவது கிளப்புகள். எந்த முடிவில் தனக்கு லாபம் என்று அதற்குள் ஒவ்வொன்றுக்கும் தெரிந்துவிட்டது.

ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே கடைசி இடத்துக்குப் போனாலும் அடுத்த வருடம் அதே லீக்கில்தான் ஆடுவீர்கள். ஐரோப்பியக் கால்பந்தில் அப்படியில்லை. கடைசியில் வருகிறவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். தொலைக்காட்சிப் பணம் போகும், நல்ல வீரர்கள் போவார்கள், அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கும் வேலை போகலாம். ஆகவே கோப்பை யாருக்கு என்பதைவிட யார் இறங்குவது என்பதில்தான் சண்டை அதிகம்.

நெதர்லாந்தில் என்ன செய்தார்கள்? கோப்பையே இல்லை என்றார்கள். அயாக்ஸும் அல்க்மாரின் ஆஸெட் அணியும் ஆளுக்கு 25 ஆட்டம் ஆடி 56 புள்ளியில் நின்றன. கோல் வித்தியாசத்தில் அயாக்ஸ் மேலே. ஆனால் அந்த சீசனில் இரண்டும் மோதிய இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தது ஆஸெட். யாருக்குக் கொடுப்பீர்கள்? இங்கே யாருக்கும் கொடுக்காததில் எனக்குக் குறை இல்லை. கீழே நடந்ததுதான் கொடுமை. இரண்டாம் பிரிவில் கம்பூர் என்ற சங்கம் முதலிடத்தில் இருந்தது. அதை மேலே ஏற்றலாமா என்று சங்கங்களைக் கேட்டார்கள். 16 சங்கங்கள் சரி என்றன, 9 வேண்டாம் என்றன, 9 எங்களுக்கு எதுவானாலும் சரி என்றன. ஆதரவு போதாது என்று சொல்லி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். கம்பூர் நீதிமன்றம் போனது, பலிக்கவில்லை. அடுத்த சீசனிலும் அதே பிரிவில் முதலிடம் பிடித்துத்தான் மேலே போனது.

ஸ்காட்லாந்துக் கதையை நான் யார் கிடைத்தாலும் சொல்லுவேன், உங்களிடம் சொல்லாமல் விடுவேனா? கீழ்ப் பிரிவுகளை அத்தோடு நிறுத்தி, இதுவரை எடுத்த புள்ளிகளை வைத்து இடங்களை முடிவு செய்யலாம், மேல் பிரிவுக்கும் தேவைப்பட்டால் அதே வழி என்று ஒரு தீர்மானம். சங்கங்கள் மின்னஞ்சலில் வாக்களிக்க வேண்டும். ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணி. ஒவ்வொரு பிரிவிலும் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். எண்ணிப் பார்த்தால் இரண்டாம் பிரிவில் ஒரே ஒரு வாக்கு வரவேண்டியிருக்கிறது. டண்டீ அணியின் வாக்கு. அது சரி என்றால் தீர்மானம் நிறைவேறும், இல்லை என்றால் விழுந்துவிடும். நாங்கள் அனுப்பிவிட்டோமே என்கிறது டண்டீ. வரவில்லையே என்கிறது லீக். கடைசியில் பார்த்தால், 'வேண்டாம்' என்று டண்டீ போட்ட வாக்கு லீக்கின் கணினியில் குப்பை அஞ்சல்களோடு ஒதுங்கிக் கிடந்திருக்கிறது! அதற்குள் டண்டீ, அந்த வாக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஐந்து நாள் கழித்து 'சரி' என்று மாற்றி வாக்களித்தது. தீர்மானம் நிறைவேறியது. ஒரு நாட்டின் லீக் எப்படி முடிய வேண்டும் என்பது இப்படித் தீர்மானமானது.

அதனால் அடிபட்டவர்களில் ஒருவர், இரண்டாம் பிரிவில் கடைசியில் நின்ற பார்ட்டிக் திசில். இந்தக் கணக்குக்குக் காகிதம் வேண்டாம், காதால் கேட்டாலே போதும். பார்ட்டிக் 27 ஆட்டம், 26 புள்ளி. அதற்கு மேலே குவீன் ஆஃப் தி சவுத் 28 ஆட்டம், 28 புள்ளி. பார்ட்டிக்குக் கையில் ஓர் ஆட்டம் அதிகம். அதை ஜெயித்தால் மூன்று புள்ளி, 29 ஆகி மேலே வந்துவிடும். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி எடுத்தார்கள். குவீன் ஆஃப் தி சவுத்துக்குச் சரியாக ஒன்று, பார்ட்டிக்குக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே பார்ட்டிக் இறங்கட்டும். மேல் பிரிவில் ஹார்ட்ஸ் அணிக்கும் அதே கதி. நான்கு புள்ளி பின்னால், எட்டு ஆட்டம் மீதி. இருவரும் வழக்குப் போட்டார்கள், தகராறைத் தீர்க்கும் நடுவர் குழு வரை போனார்கள், தோற்றார்கள்.

பிரான்ஸும் இதே சராசரிக் கணக்கைத்தான் போட்டது. பத்து ஆட்டம் மீதி இருக்கும்போது நான்கே புள்ளி பின்தங்கிய அமியான் கீழே போனது. 13 புள்ளியோடு கடைசியில் கிடந்த துலூஸும் போனது. அந்த இறக்கத்தை நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமே ஜூனில் நிறுத்திவைத்தது. லீக் கூடி மறுபடி வாக்கெடுத்து மறுபடி இறக்கியது. ஏழாம் இடம் என்று கணக்கிட்டதால் அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பியப் போட்டி இடத்தை இழந்தது லியோன். அதே லியோன் ஆகஸ்டில் யுவென்டஸை வெளியேற்றி, மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நின்றது!

சராசரிக் கணக்கு முட்டாள்தனமா என்றால், இல்லை. யார் முன்னால் போகிறார்கள் என்று மதிப்பிட அது நல்ல வழிதான். ஆனால் மீதி ஆட்டங்களும் இதுவரை நடந்த மாதிரியே நடக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அது எவ்வளவு சரி என்று பார்க்க நமக்கு ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நின்று, ஜூனில் மறுபடி தொடங்கி, முழுசாக ஆடி முடிந்தது. மார்ச்சில் நிறுத்திச் சராசரி போட்டிருந்தால் இறங்கவேண்டிய மூவர் நாரிச், ஆஸ்டன் வில்லா, போர்ன்மவுத். ஆடி முடித்தபோது இறங்கியவர்கள் நாரிச், போர்ன்மவுத், வாட்ஃபோர்ட். வில்லா கடைசி நான்கு ஆட்டத்தில் எட்டுப் புள்ளி எடுத்து, ஒரே ஒரு புள்ளியில் தப்பியது. (அதிலும் ஒரு வேடிக்கை. மறுதொடக்கத்தின் முதல் ஆட்டத்திலேயே வில்லாவின் கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்கு உள்ளே போய்விட்டார். கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவி அதைப் பார்க்கவில்லை. அந்த கோல் சேர்ந்து மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் வில்லா இறங்கி, போர்ன்மவுத் தப்பியிருக்கும். அது வேறு வழக்கு.) மூன்று பேரில் ஒருவர் தப்பாகத் தண்டனை பெற்றிருப்பார். நாரிச்சைப் பற்றிச் சந்தேகமே இல்லை, மறுதொடக்கத்துக்குப் பிறகு ஒன்பது ஆட்டத்திலும் தோற்றார்கள்.

ஆகவே நான் சொல்வது இது. கோப்பையையும் ஏற்றத்தையும் சராசரி போட்டுக் கொடுங்கள். அன்றைக்கு லிவர்பூல் 25 புள்ளி முன்னால் இருந்தது, அதற்குக் கொடுக்க யார் தயங்குவார்கள்? நம் இந்தியக் கால்பந்தின் ஐ-லீக்கில் மோகன் பகான் லீக் நிற்பதற்கு முன்பே யாரும் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டது, கொடுத்தார்கள், இறக்கமும் இல்லை என்றார்கள். நல்ல முடிவு. (அதற்கு முந்தைய ஆண்டுதான் நம் சென்னை சிட்டி கோயம்புத்தூரில் கடைசி நாளில், ஒரே புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனது.) ஆனால் தண்டனைக்கு வேறு அளவுகோல் வேண்டும். மீதி ஆட்டங்களை எல்லாம் ஜெயித்தாலும் தப்ப முடியாது என்கிறவரை மட்டும் இறக்குங்கள். தப்ப வழி இருந்தவரை விட்டுவிடுங்கள். மேலே வருகிறவரையும் சேர்த்து அடுத்த ஆண்டு லீக்கைப் பெரிதாக்கி, அந்த ஆண்டுக் கடைசியில் கூடுதலாக இறக்கிச் சரிசெய்யலாம். ஸ்காட்லாந்திலும் பிரிவுகளைப் பெரிதாக்கும் யோசனை வந்தது, ஆதரவு கிடைக்கவில்லை. பங்கு கேட்க ஆள் கூடினால் பணம் குறையும் அல்லவா? அதனால்தான் இதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். ஆகஸ்டில் எழுதுங்கள், எல்லாரும் பூஜ்யம் புள்ளியில் நிற்கும்போது. ஏப்ரலில் எழுதாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். யார் யாரோடு மீதி ஆட்டம், சொந்த மைதானமா வெளியூரா என்றெல்லாம் எடை போட்டுக் கணக்கிடுவதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. இத்தாலியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1915 மே மாதம், போர் வந்து லீக் நின்றது. வட இத்தாலியில் இன்னும் ஒரே ஒரு சுற்று. ஜெனோவா 7 புள்ளி, டொரினோ 5, இன்டர் 5. அன்று வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். கடைசி ஆட்டம் ஜெனோவாவுக்கும் டொரினோவுக்கும். அதற்கு முந்தைய மோதலில் டொரினோ 6-1 என்று ஜெயித்திருந்தது. அந்தக் கடைசி ஆட்டம் நடக்கவே இல்லை. போருக்குப் பிறகு பட்டத்தை ஜெனோவாவுக்குக் கொடுத்தார்கள். தெற்குப் பக்கத்திலிருந்து, ரோமின் லாசியோ அணிக்கும் அதில் பாதி வேண்டும் என்று, நூறு வருடம் கழித்து, மனு வந்தது.

நன்றி, வணக்கம்.