சிடி டிரைவ் படிக்கவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

[காட்சி: மேசைமேல் பழைய டெஸ்க்டாப். ட்ரே உள்ளே போகிறது. உள்ளிருந்து சத்தம்.]

கேட்டீர்களா? ஒரு சுற்று, அப்புறம் ‘டிக்... டிக்...’, அப்புறம் அமைதி. திரையில் ‘தட்டைப் போடுங்கள்’ என்று செய்தி. தட்டு உள்ளேதான் இருக்கிறது!

இது என் அத்தை வீட்டு கம்ப்யூட்டர். உள்ளே இருப்பது அவருடைய மகள் கல்யாண டிவிடி. “டிரைவ் போயிடுச்சுப்பா, புதுசு வாங்கிக் குடு” என்றார். வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த வீடியோ.

முதலில் வேறு ஒரு தட்டைப் போடுங்கள். முடிந்தால் கடையில் வாங்கிய ஒரிஜினல் ஆடியோ சிடி ஒன்று, ஒரிஜினல் டிவிடி ஒன்று. இரண்டும் ஓடினால் டிரைவ் மேல் பழி இல்லை. சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால்? அதுவும் நடக்கும். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். ஒரே டிரைவுக்குள் இரண்டு லேசர்கள். ஒன்று செத்து இன்னொன்று உயிரோடு இருக்கலாம். டிவிடி லேசர் போய்விட்டால் டிரைவை மாற்றுவதுதான் வழி. லேசரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

[காட்சி: ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துக் காட்டுதல்.]

இப்போது தட்டைப் பார்ப்போம். பளபள பக்கத்துக் கீறலைத்தான் எல்லோரும் தேடுவார்கள். சிடியில் ஆபத்து பெயர் எழுதும் பக்கத்தில்தான் அதிகம். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், அதில் தகவல் இருக்கும் அடுக்கு மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. மேலே ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே அடி வாங்கும். மேல்பக்கம் உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிகிறதா? அந்த இடத்துத் தகவல் போனது போனதுதான். டிவிடி அப்படியில்லை. 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்திருப்பதால் தகவல் நடுவில் பத்திரமாக இருக்கும்.

துடைக்கும்போது பலர் ரெக்கார்டு தட்டு மாதிரி சுற்றிச் சுற்றித் துடைக்கிறார்கள். வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் இழுங்கள். தகவல் சுருள் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. சிடியில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளிதான் கெடுக்கும். அதை டிரைவ் போடும் பிழைதிருத்தும் கணக்கு நிரப்பிவிடும். சுற்றுப்பாதையோடு ஓடும் கீறல் தொடர்ச்சியாக அழிக்கும், அங்கே கணக்கு தோற்றுப்போகும். வட்டமாகத் துடைத்தால் துணியில் இருக்கும் ஒரு மணல் துகள் போதும், அப்படிப்பட்ட கீறலை நாமே போட்டுவிடுவோம்.

நடு ஓட்டை ஓரம் விரிசல் விட்ட தட்டைத் தயவுசெய்து போடாதீர்கள். வேகமாகச் சுற்றும்போது உள்ளேயே சிதறிவிடலாம்.

[காட்சி: லேப்டாப் டிரைவின் ட்ரே. சிறிய கண்ணாடி மணி போன்ற லென்ஸ், மிக அருகில்.]

தட்டு சரி, டிரைவ்தான் திணறுகிறது என்றால் அடுத்து லென்ஸ். லேப்டாப் டிரைவில் ட்ரேயோடு லென்ஸும் வெளியே வந்துவிடும், வேலை சுலபம். கம்ப்யூட்டரை அணைத்து, பக்கத்துச் சிறு ஓட்டையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டு அழுத்தினால் ட்ரே திறக்கும். காட்டன் பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் கோணலாகிவிடும். லேசாகத் தொட்டு எடுங்கள், காயவிடுங்கள். டெஸ்க்டாப் டிரைவில் லென்ஸ் உள்ளே இருப்பதால் பெட்டியைக் கழற்ற வேண்டும். அதைச் செய்யுமுன் கேபிளைப் பாருங்கள்.

கேபிள் என்றால் பின்னால் இருக்கும் சாட்டா கேபிளும் (தகவல் போவது இதில்தான்) பவர் கேபிளும்தான். கழற்றி மாட்டுங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கக்கூடிய அமைப்புத் திரை பயாஸ். அந்த பயாஸ் திரையிலேயே டிரைவ் பெயர் வரவில்லையா? அப்படியானால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை. பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியல்) டிரைவை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள், விண்டோஸே மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும். ஃபோல்டர் தெரிகிறது, படம் மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவில் குறையே இல்லை. விண்டோஸ் 10, 11-இல் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரைப் போட்டால் முடிந்தது.

[காட்சி: கல்யாண டிவிடி. மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கர், ஓரத்தில் சுருண்டிருக்கிறது.]

சரி, அத்தை டிவிடி? ஒரிஜினல்கள் இரண்டும் அதே டிரைவில் ஓடின. குற்றவாளி இந்த ஸ்டிக்கர். காகிதம் சுருண்டு தட்டு லேசாக வளைந்திருக்கிறது. சுற்றும்போது ஆடுகிறது, லேசர் குவியம் தவறுகிறது. உரித்துப் பார்க்க ஆசை வரும். உரிக்காதீர்கள், இழுக்கும்போது தட்டு இன்னும் வளையலாம். இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒருநாள் வைத்தேன். என் லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாக மாட்டிய டிவிடி டிரைவில் மெதுவாகப் படித்தது. படம் இருக்கும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை அப்படியே காப்பி போட்டேன்.

முகூர்த்தம், பந்தி எல்லாம் வந்துவிட்டன. தட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் கடைசிக் காட்சிகள் விளிம்பில் இருக்கும். வளைவு அதிகம் இருப்பதும் அங்கேதான். மறுவீடு போகும் காட்சியில் பாதி இன்னும் வரவில்லை. தட்டு மறுபடி புத்தகங்களுக்கு நடுவே போயிருக்கிறது.