வக்கீல் அலுவலகம், மாறிய கணக்கு எண், காப்பீடு

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரியும், பணம் முதலில் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில், அதாவது கட்சிக்காரர் பணத்தை அவர் பாதுகாத்து வைக்கும் கணக்கில்தான் விழும். பல வருடச் சேமிப்பு, ஓய்வூதியப் பணம், விற்ற பழைய வீட்டின் விலை எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். திருடனும் அதற்காகத்தான் காத்திருக்கிறான்.

அவன் வக்கீல் அலுவலக மின்னஞ்சலுக்குள்ளோ, வாங்குபவரின் மின்னஞ்சலுக்குள்ளோ நுழைந்து, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருப்பான். பணம் கட்டும் நாள் நெருங்கியதும் வாங்குபவருக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். அதே சின்னம், அதே செயலாளரின் பெயர், அதே கையெழுத்து. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அவசரத்தில் யார் கண்ணில் படும்?

ஜோகன்னஸ்பர்கில் 2019இல் வீடு வாங்கிய ஒரு பெண்மணி இப்படித்தான் 55 லட்சம் ராண்டை இழந்தார். 2023இல் உயர்நீதிமன்றம், சட்ட நிறுவனமே பொறுப்பு என்றது. 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வீட்டுத் தரகரின் கணக்கைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த அந்தப் பெண்மணி வக்கீல் கணக்கையும் அப்படிச் செய்திருக்கலாம், தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது என்றது. இதைக் கேட்டு வக்கீல்கள் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. 2019இல் பிரிட்டோரியாவில் வந்த இன்னொரு தீர்ப்பில், போலி மின்னஞ்சலை நம்பி, கட்சிக்காரரின் டிரஸ்ட் பணத்தைத் திருடன் கணக்குக்கு அனுப்பிய வக்கீல் அலுவலகம்தான் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அங்கே பணம் போனது வக்கீலின் கையிலிருந்து.

சரி, காப்பீடு இருக்கிறதே என்பார்கள். சிறு அலுவலகம் நடத்தும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: வக்கீல் தொழிலுக்கென்றே உள்ள காப்பீட்டு நிதியான லீகல் பிராக்டிஷனர்ஸ் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் ஃபண்டின் பாலிசி, 2016 ஜூலை முதல் சைபர் குற்ற இழப்பை விலக்கி வைத்திருக்கிறது. ஃபிடெலிட்டி ஃபண்டோ, வக்கீலே திருடினால் கட்சிக்காரருக்கு ஈடு தரும் நிதி. வெளியாள் ஏமாற்றினால் இரண்டும் கைகொடுக்காது.

அதனால் தனியாக சைபர் பாலிசி வாங்குகிறார்கள். தகராறு அப்புறம்தான் ஆரம்பிக்கும். கணினி முடங்கினால், கோப்புகள் பறிபோனால் அது நன்றாகவே கைகொடுக்கலாம். ஆனால் உங்கள் ஊழியரே, தானாகவே, முறையான கடவுச்சொல்லோடு பணத்தை அனுப்பினால், 'இது ஊடுருவல் இல்லை, நீங்களே கொடுத்தது' என்று நிறுவனம் மறுக்கலாம். ஏமாற்றி அனுப்பவைத்த பணத்துக்குப் பல பாலிசிகளில் தனி உட்பிரிவு உண்டு. அதன் உச்சவரம்பு பெரும்பாலும் மொத்தத் தொகையில் சின்னத் துண்டுதான். புதிய கணக்கு எண்ணைத் தொலைபேசியில் உறுதிசெய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும். விண்ணப்பத்தில் 'ஆம், எப்போதும் கூப்பிட்டுக் கேட்கிறோம்' என்று எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை யாரும் கூப்பிடவில்லை என்றால், கோரிக்கை அங்கேயே ஆட்டம் காணும். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம். பிரீமியம் கட்டியவர்கள் பாலிசியைப் படிப்பது இழப்புக்குப் பிறகுதான்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது காப்பீட்டுத் தரகரை உட்காரவைத்து, இந்தப் பிரிவை வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். டிரஸ்ட் பணம் 'உங்கள் பணம்' என்ற வரையறைக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். அது கட்சிக்காரர் பணம் என்பதால் சில பாலிசிகளில் நழுவிவிடும்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு, அதே மணி நேரத்தில். பிறகு காவல்துறையில் வழக்கு எண், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பு. கட்சிக்காரர்களின் விவரம் வேற்றாள் கையில் போயிருந்தால், தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் போப்பியா சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு தாமதமானதே கோரிக்கையை மறுக்கக் காரணமாகிவிடலாம். யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம் என்பதை அப்போதே கோப்பில் எழுதிவிடுங்கள்.