ஆக்கியோன் பெயர் இல்லாத நூல்கள்

[காட்சி: கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசை. தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பு. பக்கத்தில் ஒரு காவற்கோபுரம் இதழ்.]

ஞாயிறு பதிப்பில் எட்டு வரிக் கவிதை வந்தாலும், அதன் அடியில் எழுதியவரின் பெயரும் ரவாங் என்றோ சுங்கைப்பட்டாணி என்றோ அவருடைய ஊரும் இருக்கும். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பு வெளியிடும் காவற்கோபுரத்திலோ, தலைப்பும் படமும் வசன எண்களும் பதிப்புரிமைக் குறிப்பும் இருக்கின்றன. கட்டுரையாளரின் பெயர் இல்லை. வாழ்க்கை சரிதைகளில் மட்டும் சொல்பவரின் பெயர் வருவதுண்டு.

இந்த வழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1879இல் இதழைத் தொடங்கிய சார்லஸ் டேஸ் ரஸலின் பெயரை வாசகர்கள் அறிந்திருந்தார்கள். அவருக்குப் பின் வந்த ரதர்ஃபோர்டின் நூல்களும் அவர் பெயரிலேயே வெளியாயின. 1942இல் அவர் இறந்து நேதன் நார் தலைவரான பின்னரே, புதிய வெளியீடுகளில் ஆசிரியர் பெயரை விட்டுவிடும் முறை நிலைபெற்றது. 1950இல் அவர்களுடைய பைபிளான புதிய உலக மொழிபெயர்ப்பின் முதல் பகுதி வந்தபோது, மொழிபெயர்ப்புக் குழுவினர் தங்கள் பெயர்களை இறந்த பின்னும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார்கள். புகழ் கடவுளுக்கே சேர வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

[காட்சி: குறுந்தொகை, 40ஆம் பாடல்.]

இந்தக் காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பைபிளில் உள்ள எபிரெயருக்கு எழுதிய நிருபத்திலும் எழுதியவர் பெயர் இல்லையே! ஆனால் நம் மரபின் போக்கு வேறு. பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் ‘ஆக்கியோன் பெயரே’ என்பதை நன்னூல் முதலில் வைக்கிறது. பெயர் தெரியாமற்போன குறுந்தொகைப் புலவரையும் பெயரில்லாமல் விட மனமின்றி, அவருடைய சொற்றொடரிலிருந்தே ‘செம்புலப்பெயனீரார்’ என்றொரு பெயரை ஆக்கிக் கொடுத்தார்கள்.

பெயரை நீக்குவதால் தன்னடக்கம் மட்டுமே விளைவதில்லை, ஒருவருடைய கருத்து, அமைப்பு முழுவதின் குரலாகவும் மாறிவிடுகிறது என்பதற்கு ரேமண்ட் ஃபிரான்ஸின் அனுபவமே சான்று. அமைப்பின் தலைமையான ஆளும் குழுவில் இருந்து 1980இல் விலகிய அவர், 1983இல் தம் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்தவர்களாக நார், ஃபிரெட் ஃபிரான்ஸ், ஷ்ரோடர், கங்காஸ் ஆகியோரை அதில் குறிப்பிட்டார். பலர் மேற்கோள் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான். எனக்கோ அதே நூலின் வேறொரு பகுதி முக்கியமாகப் படுகிறது.

1971இல் வெளியான, அமைப்பின் வேதாகமக் கலைக்களஞ்சியத்துக்குக் காலவரிசை பற்றிய கட்டுரையை எழுதும் பொறுப்பு அவரிடம் இருந்தது. எருசலேம் கி.மு. 607இல் அழிந்தது என்பது அமைப்பின் போதனை; வரலாற்றாய்வாளர்கள் சொல்வது 587 அல்லது 586. மாதக்கணக்கில் தேடியும் 607க்கு வரலாற்றுச் சான்று கிடைக்கவில்லை என்றும், ஆயினும் அந்த ஆண்டுக்கு ஆதரவாகவே அப்போது எழுதியதாகவும் அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

[காட்சி: அந்தக் கலைக்களஞ்சியத்தின் ஒரு பக்கம். கட்டுரை முடிகிறது, அதன் கீழே எந்தப் பெயரும் இல்லாமல் அடுத்த கட்டுரை தொடங்குகிறது.]